குடிக்காதவரின் சாட்சி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு நிறைந்த மூத்திரப்பையின் தயவில். மற்ற எழுத்தாளர்களுக்குக் கடலும் மழையும் கதை கொடுப்பதாகப் பேட்டிகளில் படிக்கிறேன். எனக்கு இதுதான் வாய்த்தது. ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போகலாம்.

நாகர்கோவிலில், கோட்டாற்றுப் பக்கம், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் உள்ள ஸ்கேன் சென்டர். போன செவ்வாய்க்கிழமை, அதாவது 2011 ஜூலை ஐந்தாம் தேதி காலை, ஆளுக்கொரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, ‘கூப்பிடுற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருங்க’ என்ற உத்தரவோடு பதினோரு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெளிந்துகொண்டிருந்தோம். என் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். முதல் கிரேடு. பள்ளிக்கூடத்தில் எனக்கு வராத முதல் கிரேடு. பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயதைத் தொட்ட ஒரு பெண், மடியில் ஒரு பை நிறைய ஆஸ்பத்திரித் தாள்களோடு. அவள் புருஷனுக்கு உள்ளே வரிசையாக மூன்று சோதனைகள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எழுந்து போகமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மணி பத்து நிமிடம் பேசினாள்.

அவளுக்குப் பூங்கனி என்று பெயர் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து இப்படி ஆரம்பித்தேன்:

[கீரிப்பாறை மலைமுகட்டில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் மரங்களின் காயங்களிலிருந்து வெள்ளைக் குருதி சொட்டுச் சொட்டாக]

நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் யாரும் கீரிப்பாறைக்குப் போகவில்லை. மஞ்சு இறங்கினால் இலக்கியம் வந்துவிடும் என்ற பழைய நம்பிக்கைதான். இரண்டாவது ஆரம்பம்:

[2009 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, புட்டும் பயறும் தின்றுகொண்டிருந்த ஞானசிங் தட்டு நிறைய ரத்தம் கக்கினார்.]

இது இருக்கட்டும். இப்படித்தான் நடந்தது. ஆனால் யார் ஞானசிங்?

2

ஞானசிங் குழித்துறையில் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர். அது சம்பளத்துக்கு. உண்மையான வேலை, வட்டார மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். குடியை அவர் நாக்கால் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் எலுமிச்சைச் சாறு கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அப்பத்துக்கு அரைத்த மாவில் கொஞ்சம் கள் விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அவர் வீட்டில் இளநீர். அப்பம் பொங்காமல் தட்டையாகக் கிடக்கும். “பரிசுத்தமான அப்பம்” என்பார் ஞானசிங். “செருப்பு மாதிரி இருக்கும்” என்பாள் பூங்கனி.

வாரத்தில் ஐந்து சாயங்காலம் கூட்டம். கருங்கல், களியக்காவிளை, அருமனை என்று ஊர் ஊராக. கூட்டத்தில் முப்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் ஏற்கெனவே குடிக்காதவர்கள். அவர்களிடம் குடிக்காதீர்கள் என்று ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கொள்வார். முடிந்ததும் மூன்று கரண்டிச் சர்க்கரை போட்ட சாயா, ஏத்தன்பழ பஜ்ஜி. அதற்கப்புறம் கூட்டம் நடத்தியவர் வீட்டில் பரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும். வேண்டாம் என்றால் அந்த வீட்டுக்காரர் மனம் நோகும். ஞானசிங் யார் மனத்தையும் நோகடிக்காதவர். தொண்ணூற்றொரு கிலோ.

[இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு. குடிகாரர்களை எழுதுவது சுலபம். தள்ளாடுவார்கள், அழுவார்கள், பாடுவார்கள், எழுத்தாளனுக்கு ஒத்தாசையாக இருப்பார்கள். பஜ்ஜி தின்று ஈரல் கெட்ட ஒருவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவர் ஈரலில் நடந்த அவ்வளவும் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தது. பத்துப் பதினைந்து வருடம் கொழுப்பு சேர்ந்தது, கொழுப்பு தழும்பானது, தழும்பு இறுகி ஈரல் சுருங்கியது. போகவேண்டிய ரத்தம் வழியடைத்துத் திரும்பி, உணவுக்குழலில் ரத்த நரம்புகள் வீங்கின. அந்தத் திங்கட்கிழமை ஒன்று உடைந்தது. கதையில் முதல் சத்தம் அதுதான்.]

3

ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லையைத் தாண்டி, கேரளப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. என் ஈரலும் ஒருநாள் அங்கே போகவேண்டி வரலாம்.

முதலில் நாற்பதாயிரம் கட்டினால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவு என்றார்கள். பூங்கனி பணம் கட்டுகிற கவுன்டரில் நின்றாள். கையிலிருந்தது பதினோராயிரம். நர்சாக மஸ்கட்டில் இருக்கும் மகள் அஜிஷாவுக்குப் போன் போட்டு, அவள் தோழியின் அண்ணன் ஸ்கூட்டரில் பணத்தோடு வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தில்தான் இந்தக் கதை நடந்துமுடிந்தது.

ரத்தம் போனதில் பாதி மயக்கத்தில் கிடந்த ஞானசிங்கிடம், மலையாளம் பேசும் ஓர் இளம் டாக்டர் குனிந்து கேட்டார்:

“சேட்டா, வெள்ளமடி உண்டோ?”

அந்த ஊரில் வெள்ளமடி என்றால் குடி. எல்லைக்கு இந்தப் பக்கம் விளவங்கோடு வட்டத்துக்காரர் யாருக்கும், ஞானசிங்குக்கும்தான், அது தெரியும். ஆனால் மயங்கிக் கிடந்தவரின் காதில், அவரே பிறகு சொன்னபடி, விழுந்தது பாதி. வெள்ளம் என்றால் அவர் வீட்டில் தண்ணீர். போன வருடம் சிறுநீரகத்தில் கல் வந்தபோது டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்.

“உண்டு” என்றார் ஞானசிங். “தெவசம் மூணு லிட்டர்.”

“மூணு லிட்டரா?”

“டாக்டரு சொன்னதாக்கும்.”

இளம் டாக்டர் எழுதிக்கொண்டார். மது: தினமும். அளவு: மூன்று லிட்டர், மிக அதிகம். நோயாளியே தெரிவித்தது.

(நம்பும்படியாக இல்லை, தெரியும். பூங்கனியிடம் நானும் சொன்னேன், கொஞ்சம் கூடிப்போயிற்றே என்று. அவள் பையிலிருந்து தாளை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். நான் எழுதுகிறவன் என்று அதற்கு முன்புதான் சொல்லியிருந்தேன். “நீங்க வேணும்னா கொறச்சு எழுதுங்க” என்றாள். “ரண்டு லிட்டர்னு போடுங்க.”)

எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டு, உடைந்த நரம்புக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். நான்காம் நாள் பெரிய டாக்டர் வந்தார். பூங்கனி இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “இது குடியினால வந்ததில்ல. குடிக்காதவங்களுக்கும் ஈரல்ல கொழுப்பு படியும். கவனிக்காம விட்டா இப்படி ஆகும்.” வாயால் சொன்னார். அதற்கு ஐந்நூறு ரூபாய். தாளில் இருந்தது இளம் டாக்டர் எழுதியது. அந்தத் தாளோடு வந்த பில், ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.

இரண்டு லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தவர் சூசை என்கிற ஏஜென்ட், கடற்கரைக்காரர். நவம்பரில் கம்பெனியின் பதில் வந்தது. மதுப் பழக்கத்தால் விளைந்த நோய்களுக்கு இழப்பீடு கிடையாது, பிரிவு நான்கு, உட்பிரிவு எட்டு. கடிதத்தின் கடைசி வரி: ‘தாங்கள் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்.’

“எனக்க மாப்பிள குடிச்சு நீ பாத்திருக்கியா சூசை?” என்று கேட்டாள் பூங்கனி.

“அக்கா, அண்ணன் குடிச்சா கடலு வத்திப்போவும். எனக்குத் தெரியும். கம்பெனிக்கு யாரு சொல்லியது? அவனுவளுக்குத் தாளுதான் கண்ணு.”

4

ஒன்றரை வருடம் பூங்கனி ஓர் ஆள் குடிக்கவில்லை என்று நிரூபிக்க அலைந்தாள். குடித்தான் என்று நிரூபிக்க ஒரு காலிக் குப்பி போதும். குடிக்கவில்லை என்பதற்கு எதைக் காட்டுவது?

ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில், எழுதிய டாக்டர்தான் திருத்த முடியும் என்றார்கள். அவர் எங்கே என்று கேட்டாள். அயர்லாந்தில் என்றார்கள்.

சபைப் போதகர் நற்சான்று கொடுத்தார். ஒழுக்கமுள்ளவர், பாடகர் குழுவில் இருபது வருடமாகக் கனத்த குரல். கம்பெனி எழுதியது: பாடகர் குழுவைப் பற்றிய தகவலுக்கு நன்றி, அது மருத்துவச் சான்று ஆகாது.

மதுக்கடையை மூடச் சொல்லி ஞானசிங் மறியல் செய்த படம் ஒரு நாளிதழில் வந்திருந்தது. அதை வெட்டி அனுப்பினாள். கம்பெனி எழுதியது: தாங்கள் அனுப்பிய படத்திலேயே காப்பீடுதாரர் மதுக்கடையின் வாசலில் நிற்பது தெளிவாகத் தெரிகிறது.

கடைசியில் அந்த மதுக்கடைக்கே போனாள். காலை பத்து மணிக்குக் கடை திறக்கும் நேரம். வரிசையில் நின்ற எட்டுப் பேரும் ஒரு பெண்ணைக் கண்டதும் வழிவிட்டார்கள். அவர்கள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்றாள். விற்பனையாளர் பகவதிக்கு அவளைத் தெரியும். ஞானசிங்கின் மறியல்களில் கல்லடி பட்ட கம்பிவலை அவருடையதுதான்.

“செக்ரட்டரிக்கு எப்படி இருக்கு அக்கா?”

“ஒரு கடுதாசு எழுதித் தரணும். அவரு இங்க வாங்கல்லண்ணு.”

பகவதி யோசிக்கவில்லை. இருந்த இடத்திலேயே எழுதினார். ‘மேற்படி நபர் எங்கள் கடைக்குப் பலமுறை வந்திருக்கிறார். வந்ததெல்லாம் கடையை மூடச் சொல்லித்தான். ஒரு குவார்ட்டர்கூட வாங்கியவர் இல்லை.’ கையெழுத்துப் போட்டார். கம்பெனியின் பதில்: வேறு கடையில் வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

இதற்குள் நானும் கெட்டுப்போனேன். கதையின் இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். மூன்று லிட்டர் என்று ஒரு மனிதன் வாயாலேயே சொல்லியிருக்கிறானே, ஒருவேளை...

[பரணைத் துடைக்கும்போது பூங்கனியின் கையில் போதை ஏற்றும் அரிஷ்டக் குப்பி ஒன்று தட்டுப்பட்டது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால்]

அடித்துவிட்டேன். கம்பெனி செய்கிற வேலையை நானும் செய்கிறேன். ஒருவன் குடிக்கவில்லை என்றால் நம்பாமல் பரணில் தேடுகிறேன். திருப்பம் வேண்டும் என்று நீங்களும் கொஞ்சம் தேடினீர்கள். மறைக்கவேண்டாம்.

பூங்கனியும் தேடினாள். அதை அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஒருநாள் மத்தியானம் மாத்திரை போட்டுவிட்டு ஞானசிங் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார். கம்பெனியின் நான்காவது கடிதம் வந்த நாள். அவள் போய்க் குனிந்து அவர் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பத் திரும்ப ஒரு தாளில் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தால் அது ரத்தத்தில் ஏறிவிடுகிறது. மலம் இளக்கும் டானிக்கின் இனிப்பு வாடை மட்டும் வந்தது. நிமிர்ந்தபோது அவர் கண் திறந்திருந்தது.

“என்னத்தட்டி மோந்து பாக்கே?”

“மருந்து மணம் அடிக்கா எண்ணு.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

5

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு வளையம் போடவேண்டும், ஒரு தடவைக்குப் பதினாலாயிரம். மாத்திரை மாதம் மூவாயிரத்து எண்ணூறு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பஸ், ஆஸ்பத்திரி கேன்டீனில் உப்பில்லாத கஞ்சி, அது தனி. கழுத்தில் கிடந்தது போயிற்று. வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு சென்ட் ரப்பர் நின்றது, அதுவும் போயிற்று. அஜிஷா தன் படிப்புக் கடனை அடைக்காமல் அனுப்பினாள். கம்பெனிக்கு எதிராகச் சென்னையில் குறைதீர்ப்பாளரிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். பதில் இல்லை.

2011 ஏப்ரலில் சூசை ஒரு நோட்டீஸோடு வந்தார். பாலிசி விற்ற குற்ற உணர்ச்சியில் அவர் அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை மீன் கொண்டுவந்துகொண்டிருந்தார். நோட்டீஸில் ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பு. குடியிலிருந்து மனந்திரும்பியவர்களின் ஈரல் சிகிச்சைக்கு எழுபத்தைந்தாயிரம் ரூபாய் உதவி. நிபந்தனை இரண்டு. குடித்தவர் என்பதற்கு ஆஸ்பத்திரித் தாள். எழுப்புதல் கூட்டம் என்கிற ஜெபக்கூட்டத்தில் மேடையேறி, மனந்திரும்பிய கதையைச் சாட்சியாகச் சொல்லவேண்டும்.

“குடிச்சவனுக்குத் தருவாவ, குடிக்காதவனுக்குத் தரமாட்டாவளா?”

“குடிக்காதவன் என்னத்த சாட்சி சொல்லுவான் அக்கா? நான் குடிக்கல்ல, நான் குடிக்கல்லண்ணு பத்து நிமிசம் மைக்குல நிப்பானா? எவன் காணிக்க போடுவான்?”

ஆஸ்பத்திரித் தாளைப் பூங்கனி எடுத்துப் பார்த்தாள். ஒன்றரை வருடமாக எங்கேயும் பொருந்தாத தாள், இங்கே கச்சிதமாகப் பொருந்தியது.

ஞானசிங் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டே தேங்காய் உரித்தார். நான்காம் நாள் காலை மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு இருந்தது.

“எழுதிக் குடு. வாசிக்கேன்.”

[கவனித்தீர்களா? கதைக்குள் இன்னொருவர் கதை எழுத உட்கார்ந்துவிட்டார். நான் ஏற்பாடு செய்ததல்ல. என்னைவிட அவளுக்குக் கூலி அதிகம் என்பதையும் சொல்லவேண்டும். இந்தக் கதைக்குப் பத்திரிகை தருவது ஐந்நூறு ரூபாய்.]

பூங்கனி ஒரு நோட்டில் ‘நான் ஒரு பெருங்குடிகாரனாக இருந்தேன்’ என்று எழுதினாள். கிழித்தாள். ‘பாவியாகிய நான்’ என்று எழுதினாள். அடுத்த வரி வரவில்லை. குடிகாரனோடு வாழ்ந்திருந்தால்தானே எழுதுவதற்கு. மறுநாள் பத்து மணிக்குப் பகவதியிடம் போனாள். இந்த முறை வரிசையில் நின்றவர்கள் தாமாகவே ஒதுங்கினார்கள்.

“குடிக்கியவன் எப்படி இருப்பான் பகவதி? சொல்லு. எழுதணும்.”

“வாயில நொர வரக் குடிக்கியவனா, நம்ம செக்ரட்டரிய மாதிரி மரியாதக்காரனா?”

“மரியாதக்காரன்.”

பகவதி கம்பிவலைக்குப் பின்னால் நாடியைச் சொறிந்தார். “சாயங்காலம் ஆனா காலு வீட்டுல நிக்காது. எங்க போறியண்ணு கேட்டா கோவம் வரும். வீட்டுக்கு உள்ள பைசா அங்க போவும். திரும்பி வரும்ப பிள்ள ஒறங்கியிருக்கும். வந்தாலும் பேசியது பூரா அங்க உள்ள கததான். நமக்குச் சொகமில்லண்ணு சொன்னாலும் காதுல ஏறாது. அங்க நாலு பேரு கூட இருக்கணும். அதாக்கும் அவனுக்க சொர்க்கம்.”

பூங்கனியின் பேனா நின்றுவிட்டது.

“இதெல்லாம் எல்லா ஆம்பிளையளும் செய்யுததுதானே?”

“குடிக்கிய எல்லாவனும்” என்றார் பகவதி.

வீட்டுக்கு வந்து, சோற்றை வடிக்கக்கூட எழாமல் இரண்டரைப் பக்கம் எழுதினாள். மாலையானால் வீட்டில் தங்காததை எழுதினாள். அஜிஷா பிறந்த அன்று அவர் அருமனையில் இருந்ததை எழுதினாள். சங்கத்து நோட்டீஸ் அச்சடிக்கத் தன் வளையல் போனதை, எதற்குப் போனது என்று சொல்லாமல் எழுதினாள். மஞ்சள் காமாலையில் அவள் கிடந்த பதினேழு நாளில் அவர் வீட்டில் இருந்த சாயங்காலங்கள் மூன்று என்று எழுதினாள். எழுத எழுதத் தனக்கு இவ்வளவு கோபம் இருப்பது தெரிந்து பயந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்தபின் ஞானசிங் அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார்.

“குடிச்சேண்ணு எங்க எழுதியிருக்கு?”

“எழுத வரல்ல.”

“அஜிஷாக்க பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரு தடவ கூடயா வரல்ல?”

“ஒரு தடவ வந்திய. மதுவிலக்குப் பேச்சுப்போட்டிக்கு ஜட்ஜா.”

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, “இதுல ஒரு பொய்யும் இல்லியேட்டி” என்றார். குற்றமாகச் சொன்னாரா, ஆச்சரியமாகச் சொன்னாரா என்று கேட்டேன். பூங்கனிக்கு இன்னும் தெரியவில்லை.

6

மே மாதம், குழித்துறை ஆற்றங்கரைப் பக்கம் பந்தல். சாயங்காலம் நான்கு மணி வெயில். ஞானசிங்குக்கு முன்னால் மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். ஒருவர் அண்ணனைக் குத்தியவர். ஒருவர் ஆலய மணியைக் கழற்றி விற்றுக் குடித்தவர். மூன்றாமவர் ஆறு முறை மனந்திரும்பியவர். ஒவ்வொருவருக்கும் கைதட்டல் கூடிக்கொண்டே போனது. இவர்களுக்குப் பின்னால் தன் புருஷன் எடுபடமாட்டார் என்று பூங்கனி கணக்குப் போட்டாள். பெண்கள் பக்கத்தில் ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஞானசிங் மேடையில் ஏறினார். கால் வீங்கியிருந்ததால் மெதுவாக ஏறினார், அது பார்க்க நன்றாக இருந்தது. தாளைப் பிரித்தார். பேச்சுக்காரர்தான், ஆனால் அன்றைக்குக் குரல் எழும்பவில்லை. அடங்கிய குரலில், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் வாசித்தார். அருமனை. வளையல். பதினேழு நாளில் மூன்று. பூங்கனிக்கு முன்வரிசையில் ஒருத்தி மூக்கைச் சீந்தினாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. குத்துக்கும் மணிக்கும் அழாத பெண்கள் இதற்கு அழுதார்கள்.

முடித்தார். கூட்டத்தை நடத்தியவர் அவர் தோளில் கைபோட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“எத்தன வருசம் அண்ணே குடிச்சிய? சபைக்குச் சொல்லுங்க.”

இது தாளில் இல்லை. ஞானசிங் வாயைத் திறந்தார். மூடினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் முகம் எப்படியிருக்கும் என்று மேடையில் எல்லோருக்கும் தெரிந்தது. அறக்கட்டளைக்காரர் பின்னால் காசோலையோடு நின்றார். ஞானசிங் பெண்கள் பக்கம் பார்த்தார். ஏழாவது வரிசையைக் கண்டுபிடிக்க முடியாமல் கண்ணைச் சுருக்கித் தேடினார்.

பூங்கனி எழுந்து நின்றாள்.

“இருபத்தாறு வருசம்!”

பந்தல் முழுக்க அல்லேலூயா. அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெட்டுமணி நிறுத்தம் தாண்டியதும் அவர், “இருபத்தாறா?” என்றார்.

“கல்யாணத்துக்கு மறுநாளே கருங்கல்ல கூட்டம் இருந்துதே. மறந்து போச்சா?”

அன்று சாயங்காலம் ஆறரைக்குச் சங்கக் கூட்டம் ஒன்று இருந்தது. அவர் போகவில்லை. ‘அது முதல் அவர்’ என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்க எனக்குக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, பூங்கனியிடம் காரணம் கேட்டேன்.

“காலுல நல்ல நீரு வச்சிருந்துது” என்றாள்.

7

எழுபத்தைந்தாயிரமும் வந்தது. இரண்டு வளையத்துக்கும், மாத்திரைக்கும், பெட்டிக்கடைப் பாக்கிக்கும் போயிற்று. மதுவிலக்குச் சங்கம் அவசரக் கூட்டம் கூடியது. இத்தனை வருடம் சங்கத்தை ஏமாற்றிய குடிகாரரைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கியது. அதே கூட்டத்தில், மனந்திரும்பிய குடிகாரர் என்ற முறையில் அவரைச் சிறப்புப் பேச்சாளராக அழைப்பது என்றும் ஏகமனதாக முடிவானது. இப்போது முப்பது பேர் அல்ல, முன்னூறு பேர் வருகிறார்கள். ஒன்பது சபைகளிலிருந்து அழைப்பு. வழிச்செலவு தருகிறார்கள்.

ஜூன் கடைசியில் சென்னைக் குறைதீர்ப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்றரை வருடம் காத்திருந்த விசாரணை. ஜூலை பதினான்கு, வியாழக்கிழமை, காலை பதினொன்று. மனுதாரர் நேரில் வந்து, தான் ஒருபோதும் மது அருந்தியவர் அல்ல என்று சொல்லவேண்டும். எழுப்புதல் கூட்டத்தின் சி.டி. முப்பது ரூபாய்க்கு விற்கிறது. கம்பெனி வக்கீலிடம் ஒன்று இருக்கிறது என்று சூசை விசாரித்துச் சொன்னார்.

ஆக, முடிவுகள். ஞானசிங் சென்னைக்குப் போய் உண்மையைச் சொல்கிறார், சி.டி.யைப் போட்டுக் காட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். இது ஒன்று. அல்லது, அறக்கட்டளைக்கு எல்லாவற்றையும் எழுதிப்போட்டுப் பணத்தைத் தவணையில் திருப்பிக் கட்டுகிறார், ஊர் அவரை இரண்டாவது தடவையாகப் பொய்யர் என்கிறது. அல்லது அந்த அதிகாரி நல்லவர். தாளை, பகவதியின் கடிதத்தை, பெரிய டாக்டரை எல்லாம் விசாரித்து [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று தடவை முயன்றேன்.]

எனக்கு இவற்றில் எதையும் எழுத அனுமதி இல்லை. ஸ்கேன் சென்டரில் கதையைச் சொல்லி முடித்ததும் பூங்கனி என்னிடம் கேட்டாள்:

“இத அச்சடிப்பியளா?”

“அடிப்பாங்க. பேரை மாத்திடுவேன்.”

“அவரு குடிக்கல்லண்ணு எழுதினா அறக்கட்டளைக்காரன் வாசிப்பான். குடிச்சாருண்ணு எழுதினா கம்பெனிக்காரன் வாசிப்பான். ரண்டுலயும் எனக்க வீட்டுக்குத்தான் கேடு.”

“இது கதைதானேம்மா. கதையை எங்கயும் சான்றா எடுக்கமாட்டாங்க.”

“நான் எழுதினதும் கததான்” என்றாள் பூங்கனி. “அத எடுத்தாவளே.”

அப்போது கதவு திறந்தது. வயிற்றில் தடவிய பசையைத் துண்டால் துடைத்துக்கொண்டே ஒருவர் வந்தார். தொண்ணூற்றொரு கிலோ எங்கேயோ போயிருந்தது. வயிறு மட்டும் நீர் கட்டி நின்றது. சட்டைப் பொத்தானைப் போட அவரால் முடியவில்லை, அவள் எழுந்து போட்டுவிட்டாள். கீழே இருந்து மேலே, ஒவ்வொன்றாக. என்னைப் பார்த்து, “ஒங்களுக்கும் ஈரலா?” என்றார் சிநேகமாக. ஆமாம் என்றேன். “சாயாக்குச் சீனிய கொறயுங்க” என்றார். அவ்வளவுதான் அவர் என்னிடம் பேசியது.

இன்றைக்குச் சனிக்கிழமை. வியாழனுக்கு இன்னும் ஐந்து நாள். எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தால், அவர் குடித்தாரா இல்லையா என்பதை நான் பத்து இடத்தில் உளறிவைத்திருக்கிறேன். அடித்தால் கதை இல்லை. அடிக்காவிட்டால் அவர்களுக்கு வம்பு. எனவே பெயர்களை மாற்றிவிட்டேன், பந்தலை மாற்றிவிட்டேன், வங்கியை மாற்றிவிட்டேன். இவ்வளவும் செய்தபிறகு மீதியிருக்கும் ஒரே சாட்சி நீங்கள்தான். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் உடனிருந்து பார்த்தவர்.

நாளை யாராவது கழுத்துப்பட்டையும் கோப்புமாக உங்கள் வீட்டுப் படியேறி, நீங்கள் படித்தீர்களாமே, அந்த ஆள் குடிப்பாரா என்று கேட்பார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று சொல்லமாட்டார்கள். என்ன சொல்வதாக இருக்கிறீர்கள்?